ஜன்னலுக்குள்ளே ஃப்ளோரன்ஸ்

நுன்சியா: முதல்லேர்ந்து சொல்லு. மத்தியானம் என்ன சாப்பிட்டோம்?

சபாத்தீனோ: எலும்போட மாட்டுக்கறி. என் ஷூ சைசுக்கு ஒரு துண்டு. அப்புறம் நுரை பொங்க ஒரு பால் காப்பி...

நுன்சியா: கறி தின்ன வாயில பால் காப்பியா! இத்தாலிக்காரன் எவன் குடிப்பான்? நீ என்ன ஜெர்மன்காரனா?

சபாத்தீனோ: ஆசையா இருந்துது.

நுன்சியா: கற்பனையிலகூட ஒழுங்கா சாப்பிடத் தெரியல உனக்கு. கறுப்புக் காப்பின்னு சொல்லு. ரொட்டி எப்படி இருந்துது?

சபாத்தீனோ: மொறுமொறுன்னு, உப்பு சரியா...

நுன்சியா: போச்சு! மாட்டிக்கிட்டோம்! அந்த ஊர் ரொட்டியில உப்பே போட மாட்டாங்க.

சபாத்தீனோ: அதை எதுக்கு ரொட்டின்னு சொல்றாங்க?

நுன்சியா: மெதுவாப் பேசு! சரி... மியூசியத்துல படம் பாத்தது?

சபாத்தீனோ: திங்கக்கிழமை மியூசியம் போனோம். சிப்பி மேல நிக்கற மாதிரி ஒரு அம்மா படம். பொட்டுத்துணி இல்ல. நான் பாத்தேன், நீ என்னைப் பாத்து முறைச்ச.

நுன்சியா: திங்கக்கிழமை மியூசியம் லீவு.

சபாத்தீனோ: அந்தம்மாவுக்கும் லீவா?

நுன்சியா: சிரிக்காதே சபாத்தீனோ! செவ்வாய்க்கிழமைன்னு சொல்லு. கடைத்தெரு?

சபாத்தீனோ: தோல் பை. அவன் ஒரு விலை சொன்னான், நீ அதுல பாதிக்குக் கேட்ட, அவன் அவங்க அம்மாவைக் கூப்பிட்டு அழுதான்.

நுன்சியா: இது நல்லா இருக்கே. நம்புவாங்க.

சபாத்தீனோ: பையைக் காட்டச் சொன்னா?

நுன்சியா: கல்யாணத்துக்கு உங்க அக்கா குடுத்ததை இன்னும் பிரிக்கவே இல்ல. பீரோவுல இருக்கு.

சபாத்தீனோ: அதுல அந்துருண்டை வாசனை அடிக்குமே.

நுன்சியா: புதுத் தோலு அப்படித்தான்னு... ஏய்! ஜன்னல்கிட்ட போகாதே!

சபாத்தீனோ: ஒரே ஒரு பலகையைத் தூக்கறேன். காத்து வேணும். ஆகஸ்ட் வெயில்ல நாலு பக்கமும் அடைச்சுட்டு உக்காந்தா அவிஞ்சு போயிடுவோம்.

நுன்சியா: எதிர்வீட்டுக்காரி பாத்துடுவா. நாம ஃப்ளோரன்ஸ்ல இருக்கோம்.

சபாத்தீனோ: நாம நேப்பிள்ஸ்ல, நம்ம வீட்டு சமையலறைத் தரையில உக்காந்திருக்கோம்.

நுன்சியா: யாரால? "ஆகஸ்ட்ல எல்லாரும் கடலுக்குப் போயிடுவான், ஃப்ளோரன்ஸ் காலியா கிடக்கும், ரூம் எதுக்குப் போட்டு வைக்கணும்"னு சொன்னது யாரு?

சபாத்தீனோ: நம்ம ஜனங்க கடலுக்குத்தான் போனாங்க. உலகத்துல மிச்சம் இருக்கறவன் எல்லாம் ஃப்ளோரன்ஸுக்கு வருவான்னு நான் கண்டேனா?

நுன்சியா: ரூம் கிடைக்காம திரும்பற வழியில நெடுஞ்சாலை ஓட்டல்ல ஒரு சாண்ட்விச். அதோட முடிஞ்சுது என் சுற்றுலா.

சபாத்தீனோ: நல்ல சாண்ட்விச்சு.

நுன்சியா: பேசாதே. மாதா ஊர்வலத்துக்குக் கட்டடமே போன நேரம் பாத்து, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சொந்த வீட்டுக்குள்ள திருடி மாதிரி ஏறி வந்தேன்.

சபாத்தீனோ: பெட்டியைத் தூக்கினது நான்.

நுன்சியா: எனக்கு நிஜமாவே அழுகை வருது. கல்யாணம் ஆனதுலேர்ந்து வருஷா வருஷம் உங்க அக்கா வீட்டு மொட்டைமாடி. மேல் வீட்டு பல்மீரா, டோன்னான்னு மரியாதை குடுத்துக் கூப்பிடணும் அவளை, ஒவ்வொரு தடவையும் சார்டீனியாத் தீவுல பச்சைக் கடலு, நீலக் கடலுன்னு படியில நிறுத்தி வெச்சு உயிரை எடுப்பா. இந்த ஒரு வருஷமாவது நான் பேசணும்னு இருந்தேன்.

சபாத்தீனோ: பேசத்தானே போற.

நுன்சியா: தெரிஞ்சுதுன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் கட்டடமே சிரிக்கும். செத்துடுவேன்... ஐயோ, போன்! அவதான்!

சபாத்தீனோ: எடுக்காதே.

நுன்சியா: எடுக்கலேன்னா சந்தேகப்படுவா. ஸ்பீக்கர்ல போடறேன், மூச்சு விடாதே... ஹலோ! டோன்னா பல்மீரா! சார்டீனியா எப்படி இருக்கு?

பல்மீரா: சொர்க்கம் நுன்சியா, சொர்க்கம்! கால் தண்ணியில இருக்கு இப்ப. உங்களுக்கு எப்படி?

நுன்சியா: ஃப்ளோரன்ஸா... கண்ணு ரெண்டு போதல டோன்னா. இப்பத்தான் பாலத்து மேல நகைக்கடை பாத்துட்டு வந்தோம்.

பல்மீரா: சபாத்தீனோ வாங்கிக் குடுத்தானா?

சபாத்தீனோ: பாக்க விட்டேன், டோன்னா.

பல்மீரா: அடப் பாவி! கூட்டமா இருக்கா? சத்தமே காணோமே.

நுன்சியா: அது... கோயிலுக்குள்ள இருக்கோம்.

பல்மீரா: கோயிலுக்குள்ளயா போன் பேசற?

சபாத்தீனோ: ரொம்பப் பெரிய கோயில் டோன்னா. ஒரு மூலையில பேசிக்கலாம்.

நுன்சியா: அது சரி, உங்களுக்கும் அலைச் சத்தமே கேக்கலயே?

பல்மீரா: இங்க கடல் ரொம்ப அமைதி.

சபாத்தீனோ: நுன்சியா... கீழ... தர்பூசணி வண்டி...

நுன்சியா: உஷ்! காதுக்குள்ள சொல்லு!

சபாத்தீனோ: மைக்கு போட்டு கத்தறான். "உள்ள நெருப்பாச் செவப்பு, நெருப்பாச் செவப்பு"ன்னு. கேட்டுடும்.

பல்மீரா: என்ன நுன்சியா அது? தர்பூசணி விக்கிற மாதிரி...

நுன்சியா: ஃப்ளோரன்ஸ்லயும் விக்கறான் டோன்னா!

பல்மீரா: கோயிலுக்குள்ளயா?

நுன்சியா: வாசல்ல! வாசல்ல! கதவு திறந்திருக்கு.

பல்மீரா: அப்படியா... இங்ககூட கடற்கரையில ஒருத்தன் கத்திக்கிட்டுதான் இருக்கான்.

சபாத்தீனோ: நுன்சியா, போனைக் கையால பொத்திட்டு காதைக் குடு. அந்தக் கத்தல் ஜன்னல் வழியாவும் வருது. போன் வழியாவும் வருது.

நுன்சியா: உளறாதே.

சபாத்தீனோ: ரெண்டுலயும் ஒரே நேரத்துல இருமினான்.

நுன்சியா: ஆமா! இதோ மறுபடி இருமறான்!

சபாத்தீனோ: பலகை இடுக்குல பாரு. கயிறு எறங்குது.

நுன்சியா: கூடை! பல்மீராவோட கூடை! கைப்பிடியில செவப்புத் துணி சுத்தினது அவளோடதுதான்.

பல்மீரா: ஹலோ? நுன்சியா? லைன்ல இருக்கியா? எனக்குக் கொஞ்சம்... கை வேலையா இருக்கு.

சபாத்தீனோ: பணத்தைப் போட்டு எறக்கறா. பழத்தை வெச்சு ஏத்தப் போறா. மாடியில நின்னுக்கிட்டு கடல்ல காலு வெச்சிருக்காளாம்!

நுன்சியா: நாலு வருஷமா பச்சைக் கடலு, நீலக் கடலுன்னு...

சபாத்தீனோ: கேளு அவளை! இப்பவே கேளு!

நுன்சியா: எப்படிக் கேப்பேன்? "எங்க ஜன்னல்லேர்ந்து உங்க கூடை தெரியுது"ன்னா? என் குட்டும் உடையுமே!

சபாத்தீனோ: வண்டிக்காரன் பழத்தை வெச்சுட்டான். ஏறுது... சில்லுனு வேர்த்திருக்கு நுன்சியா. ரெண்டு நாளா டப்பா மீனு.

நுன்சியா: கையை எடு. தொட்டோம்னா தெரிஞ்சுடும்.

சபாத்தீனோ: நம்ம மாடி தாண்டப் போகுது.

பல்மீரா: நுன்சியா, பேசேன். அடுத்து என்ன பாக்கப் போறீங்க?

சபாத்தீனோ: போகுது... போகுது...

நுன்சியா: நகரு! கொண்டா இங்க! நானே பிடிக்கறேன்!

பல்மீரா: ஐயையோ! யாரது? கூடையை விடு! எவனோ என் கூடையைப் பிடிச்சு இழுக்கறான்!

நுன்சியா: எங்க டோன்னா? கடலுக்குள்ளயா?

சபாத்தீனோ: டோன்னா, பழம் நல்ல கனம். கயித்தைக் கொஞ்சம் தளர்த்துங்க.

பல்மீரா: ...ஃப்ளோரன்ஸ் ரொம்பக் கிட்டத்துலதான் இருக்கு போல.

நுன்சியா: சார்டீனியாவும்தான் டோன்னா.

பல்மீரா: கத்தாதே, எதிர்வீட்டுக்காரி முழிச்சிருக்கா. பழத்தை மூணாப் போடு நுன்சியா. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. இன்னொண்ணைக் கூடையில வெச்சு கீழ விடு. ஆல்ப்ஸ் மலைக்குப் போறேன்னு கம்பளிக் கோட்டு மாட்டிக்கிட்டு கிளம்பினாளே ரெண்டாம் மாடிக்காரி, பாவம், அவளும் நேத்துலேர்ந்து வீட்டுக்குள்ளயே பட்டினி.