பசியோட கெடக்கிற கருந்துளை

சுல்தானா: பூவ அப்புறம் வச்சுக்கலாம் சரோஜாக்கா. கதவச் சாத்துங்க மொதல்ல.

சரோஜா: தோ பாரு, பொண்ணழைப்புக்கு கார் வந்து நிக்குது. உன் சிநேகிதிக்கு இன்னும் ஜடையே முடியல. கதவச் சாத்தி என்ன பண்ணப் போறே?

சுல்தானா: ரேணு… உன் தீஸிஸ் தப்புடி.

ரேணு: என்ன?

சரோஜா: ஆடாதடி! ஊசி குத்திடும்.

ரேணு: வெளையாடாத சுல்தானா. விடிஞ்சா எனக்குக் கல்யாணம்.

சுல்தானா: வெளையாட்டா? நீ ஆராய்ச்சி பண்ண கேலக்சி நடுவுல தெரியற வெளிச்சம், கருந்துளை வாயுவ முழுங்கறதால வரலடி. அங்க கூட்டங்கூட்டமா நட்சத்திரம் பொறக்குது. அதோட வெளிச்சம் அது.

ரேணு: இது… யாருக்கெல்லாம் தெரியும்?

சரோஜா: இருங்கடி. அஞ்சு வருஷமா ஜவ்வாது மலை டெலஸ்கோப்புல கண்ணு முழிச்சாளே, அதுவா தப்பு? வால்நட்சத்திரம் பார்க்கப் பங்குனில தெருவே மொட்டமாடி ஏறினப்ப, 'எங்க ரேணுகாம்பா அதவிடப் பெருசு கண்டுபிடிச்சிருக்கா'ன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே! புரியற மாதிரி சொல்லு.

சுல்தானா: கருந்துளை கிட்ட வர்றத எல்லாம் முழுங்கிடும்க்கா. சுத்தியிருக்கிற வாயு சுத்திச் சுத்தி உள்ள போயி அதுக்குத் தீனியாவுதுன்னு இவ எழுதினா.

சரோஜா: ஆவலியா?

சுல்தானா: பாதி வழியிலயே நட்சத்திரமா ஆயிடுது. கோயிலுக்குன்னு கெளம்பின ஜனம் தேரடித் தெருக் கடையிலயே நின்னுட்டா, உள்ள யாருக்கா போவா? மிச்சம் போறதையும், பெரிய நட்சத்திரம் வெடிச்சு வெளிய தள்ளிடுது.

ரேணு: வெடிக்கிறதால கொஞ்சம் உள்ளயும் விழும்டி…

சுல்தானா: கொஞ்சந்தான். நீ எழுதின அளவுக்கு இல்ல. கருந்துளை பட்டினி கெடக்குது.

சரோஜா: அடக் கடவுளே! பக்கத்துலயே அவ்ளோ இருந்துமா?

சுல்தானா: வெளிச்சத்தப் பிரிச்சு போட்டோ பிளேட்டுல புடிச்சா கோடு கோடா விழும்க்கா. கருந்துளை தின்னா அந்தக் கோடு அகலமா இருக்கணும். இதுல எல்லாம் ஒல்லி ஒல்லியா இருக்கு.

ரேணு: எதுல? யார் எடுத்த பிளேட்டு?

சுல்தானா: யார் எடுத்தா என்ன…

ரேணு: பக்ரீதுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தவ, இன்னும் மலைக்கே திரும்பல நீ. உனக்கு எப்படித் தெரியும்?

சரோஜா: அவள ஏண்டி மெரட்டுற? மாப்ளயும் உங்க கூட வேலை பார்க்கிறவருதானே, அவரக் கேட்டா…

ரேணு: வேணாம்க்கா! அவர்கிட்ட மட்டும் வேணாம்.

சரோஜா: ஏன், என்னவாம்?

ரேணு: அவரு போட்ட கணக்கெல்லாம் என் தீஸிஸ் மேலதான் நிக்குது. அத நம்பித்தான் ஜெர்மனில அவருக்கு வேலை குடுத்திருக்காங்க. என்னுது விழுந்தா அவருதும் விழும்.

சரோஜா: ஐயையோ… அப்ப கல்யாணம்?

சுல்தானா: ரேணு… அந்த பிளேட்ட எடுத்ததே வேணுதான்.

சரோஜா: மாப்ளயா!

சுல்தானா: போன அமாவாசைக்கு மேகம் வெலகுச்சாம். நம்ப முடியாம மறுபடியும் எடுத்துப் பார்த்திருக்காரு. காலையில மாப்ள வீடு எறங்கியிருக்கிற செங்கம் ரோட்டு லாட்ஜுல எங்கிட்டச் சொல்லிட்டு அழுதாருடி. தன் வேலை போறதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. 'கல்யாணத்தப்ப அவ மனசு ஒடைய வேணாம், ஒரு மாசம் போவட்டும்'னு சத்தியம் வாங்கினாரு. உனக்குத் தெரியாம நீ மணையில ஒக்கார்றத என்னால பார்க்க முடியாதுடி, அதான் ஓடி வந்தேன்.

சரோஜா: தங்கமான புள்ள… ஏ ரேணு! ஏண்டி பூவப் பிச்சுப் போடற?

ரேணு: சுல்தானா, போய் அவரக் கூட்டிகிட்டு வா.

சரோஜா: பொண்ணழைப்புக்கு முன்னாடி மாப்ள இங்க வரக் கூடாதுடி! எதுக்கு, மறைச்சாருன்னு சண்ட போடவா? உன் நல்லதுக்குத்தானே மறைச்சாரு…

ரேணு: சண்ட போட எனக்கு என்னக்கா யோக்கியதை இருக்கு? எனக்குச் சித்திரையிலயே தெரியும். என் பிளேட்டுலயும் கோடு ஒல்லியாத்தான் விழுந்துச்சு. அந்த ஜெர்மனி வேலைக்கு அவரு கையெழுத்துப் போட்டப்ப, பக்கத்துல சிரிச்சுகிட்டு நின்னேன். சொன்னா என்ன விட்டுட்டுப் போயிடுவாரோன்னு பயம்… தாலி ஏறட்டும்னு இருந்தேன். அவரு எனக்காக மறைச்சாரு. நான் எனக்காக மறைச்சேன்.