கிழக்கு வார்டின் கைராசிக்காரி

எங்கள் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், என் மனைவி எழுந்து நின்றுவிடுவாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. இரண்டடி நடந்த பிறகுதான் இது வீடு, ஆஸ்பத்திரி இல்லை என்று நினைவு வரும். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு மறுபடி உட்காருவாள். நீங்கள் விசாரணை அதிகாரி, உங்களுக்கு ஆதாரம்தான் வேண்டும், கரண்டிக் கதை வேண்டாம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் நியாயமாகப் புரியும்.

அவள் கிழக்கு வார்டில் நர்ஸ். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் தேறும்வரை படுத்திருக்கும் வார்டு அது. ஒவ்வொரு படுக்கையின் ஓரத்திலும் ஒரு பொத்தான் தொங்கும். அழுத்தினால் அந்தப் பொத்தானிலேயே சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து அணையும். நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். வலிக்கு அழுத்துவார்கள். திரைச்சீலையை இழுத்துவிட அழுத்துவார்கள். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்க அழுத்துவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை நோயாளிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவாள். வீட்டுக்கு வந்தால் பேசத் தெம்பிருக்காது. தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிப்போவாள், நான் எடுத்துக் கழுவி வைப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் தாம்பத்தியம் பெரும்பாலும் அதுதான்.

நானும் அதே ஆஸ்பத்திரிதான். கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், சர்வர்களை, அதாவது ஆஸ்பத்திரியின் பெரிய கம்ப்யூட்டர்களை, பார்த்துக்கொள்கிறேன். அந்த அறையின் குளிரைப் பார்த்துவிட்டு, பால் பாக்கெட்டுகளை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேண்டீன்காரர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும் சார்'. எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பார், என்ன கேட்டோம் என்று கேட்கமாட்டார். இந்த விஷயத்தில் அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை.

பழைய சர்வர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் புதிதாக ஒரு கிளஸ்டர் வாங்கினார்கள். கிளஸ்டர் என்பது கூட்டுக் குடும்பம் மாதிரி. நாலைந்து இயந்திரங்கள் சேர்ந்து ஒரே குடித்தனம் நடத்தும்; ஒன்று படுத்துவிட்டால் அதன் வேலையை இன்னொன்று இழுத்துப் போட்டுக்கொள்ளும். அவற்றுக்குள்ளே மெய்நிகர் சர்வர்கள் ஓடும். மருந்துக் கணக்குக்கு ஒன்று, எக்ஸ்ரே படங்களுக்கு ஒன்று, அழைப்பு மணிகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வார்டின் மணிக் கம்பிகளும் அந்த வார்டுக்கென்று இருக்கும் தனி நெட்வொர்க் ஸ்விட்சில், அதாவது கம்பிகளைக் கிளஸ்டரோடு இணைக்கும் பெட்டியில், போய்ச் சேரும். எந்தெந்த ஸ்விட்ச் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நிர்வாக மென்பொருளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். திரையில் கட்டம் கட்டமாக நிரப்பியும் சொல்லலாம். நான் ஏபிஐ என்ற, மென்பொருளோடு நேரடியாகப் பேசும் வழியில் சொன்னேன். கிளஸ்டரின் முகவரி, ஸ்விட்சுகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையாக எழுதி அனுப்பினால், அந்தப் பக்கம் மென்பொருளே வாங்கிச் சேர்த்துக்கொண்டு 'ஏற்கப்பட்டது' என்று பதில் போடும். ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் நாம் இல்லாத நேரத்திலும் அது தானாகப் போகும்.

அதற்கு ஒரு குணம் உண்டு. புதிதாக ஒரே ஒரு ஸ்விட்சைச் சேர்ப்பதென்றாலும், ஏற்கெனவே இருப்பவை எல்லாவற்றையும் சேர்த்தே திரும்ப அனுப்ப வேண்டும். எதையாவது விட்டுவிட்டால், ஏன் விட்டாய் என்று அது கேட்காது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும், அதிலிருந்து வரும் எதையும் வாங்காது. இல்லாத ஒன்று எப்படிப் பழுதாகும்? அதனால் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாகவே தெரியும்.

முதல் தடவை நடந்தது என் கவனக்குறைவு. எக்ஸ்ரே பிரிவின் ஸ்விட்சைச் சேர்க்கும்போது கிழக்கு வார்டை எழுத மறந்துவிட்டேன். மாலையில்தான் கவனித்துச் சரிசெய்தேன். ஆகட்டும் சாரிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன், அதற்குள் அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று அவள் தூங்கிவிழாமல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"இன்னைக்கு வார்டு என்னமோ அமைதியா இருந்துச்சுங்க. ஒருத்தர்கூடக் கூப்பிடலை. நானாத்தான் ஒவ்வொரு பெட்டா போய் நின்னு பேசிட்டு வந்தேன்."

"பரவாயில்லையே," என்றேன்.

சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி தன் பூனையைத் திட்டுவதை அப்படியே நடித்துக் காட்டினாள். அவளுக்கு அப்படியெல்லாம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷப்பட்டேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது தடவை நடந்தது கவனக்குறைவு அல்ல.

நிதானமாக யோசித்து இரண்டு கோரிக்கைகள் எழுதினேன். அவளுடைய பகல் ஷிஃப்ட் தொடங்கும்போது போகும் கோரிக்கையில் கிழக்கு வார்டின் ஸ்விட்ச் இருக்காது. ஷிஃப்ட் முடியும்போது போவதில் இருக்கும். இதயத் துடிப்பு காட்டும் கருவிகள் வேறு கம்பியில் இருந்தன, அவற்றை நான் தொடவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. அழுத்தினால் பொத்தானின் சிவப்பு விளக்கு வழக்கம்போல எரியும், மணி மட்டும் மேசைக்குப் போகாது. ஆகவே யாரும் மனம் நோகவில்லை. அழைத்தாகிவிட்டது, வந்துவிடுவார்கள் என்று நம்பிக்கையோடு படுத்திருந்தார்கள். நோயாளிக்கு நம்பிக்கை முக்கியம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

சிலர் அவளிடமே, "கூப்பிட்டேனே சிஸ்டர்," என்றார்களாம். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஒருமுறை சந்தேகப்பட்டு எலக்ட்ரீஷியனை வரச்சொன்னாள். அவர் ஆடி அசைந்து வருவதற்குள் ஷிஃப்ட் மாறிவிட்டது. அழுத்திப் பார்த்தார், அடித்தது. "மணியெல்லாம் ஜோரா இருக்கு, படுத்திருக்கிறவங்களுக்குத்தான் விரல்ல பலமில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற நர்சுகளுக்கு அவள்மேல் பொறாமை. "நாங்க இருந்தா மணி ஓயமாட்டேங்குது. நீ வந்தா அத்தனை பேரும் தூங்கிடுறாங்க. உனக்குக் கைராசிடி," என்றார்கள். தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் அவளைக் கைராசிக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் இரண்டு கைகளையும் விரித்து, "இதுல அப்படி என்னங்க இருக்கு?" என்று கேட்பாள். கேட்கும்போதே முகம் மலர்ந்திருக்கும்.

இனி, ஐந்தாம் படுக்கையில் இருந்தவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். குடலில் அறுவை சிகிச்சை. தேறிவருகிறார் என்று இதயக் கருவியை முதல் நாள்தான் கழற்றியிருந்தார்கள்; அது டாக்டர்களின் முடிவு. மத்தியானம் அவர் மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அந்த நேரத்தில் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. மகள் திரும்பி வந்தபோது அவர் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது, உயிர் இல்லை. நேரத்துக்கு யாராவது வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். ஆறாம் படுக்கைக்காரர், "அவர் அழுத்திக்கிட்டே இருந்தாருங்க," என்று சாட்சி சொன்னார்.

மணி வேலை செய்ததா என்று அறிக்கை கொடுக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது. மாலையில் எல்லோர் முன்னிலையிலும் சோதித்தேன், அடித்தது. அதைத்தான் எழுதினேன். அழைப்புப் பதிவே காணோமே என்று கேட்டார்கள். புதிய கிளஸ்டருக்கு மாறும்போது சில பதிவுகள் விடுபட்டிருக்கலாம் என்றேன். ஆகட்டும் சார் கையெழுத்துப் போட்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன் என்று நீங்கள் நினைக்கலாம். என் அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. மணி அடித்தும் அவள் போகவில்லை என்று அவர்களாக முடிவுக்கு வந்து, அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். நான் அந்த இரண்டு கோரிக்கைகளையும் அழித்துவிட்டேன். அவள்தான் ஷிஃப்டுக்குப் போவதில்லையே.

அவள் வீட்டில் இருந்த நாட்கள் மோசமானவை என்று சொல்லமாட்டேன். நான் போகும்போதும் இருப்பாள், வரும்போதும் இருப்பாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. பூனையை நடித்துக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"மணி அடிச்சுதுங்க. இப்ப ஞாபகம் வருது. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான்தான் போகலை."

"அப்படியெல்லாம் இல்லை, பேசாம இரு."

"கேட்டுச்சுங்க. கைராசி கைராசின்னு எல்லாரும் தலையில தூக்கி வெச்சதுல எனக்குத் திமிரு ஏறிப்போச்சு. நாளைக்குப் போய் எழுதிக் கொடுத்துடறேன். ஜெயிலுன்னாலும் சரி. அந்தப் பொண்ணு முகத்தை என்னால பார்க்க முடியலை."

அதனால்தான் அவளுக்கு முன்னால் நான் வந்தேன். அடிக்காத மணிக்காக ஒருத்தி ஜெயிலுக்குப் போவது தொழில்நுட்ப ரீதியாகத் தவறு.

ஆறாம் படுக்கைக்காரர் இன்னொன்றும் சொன்னார் என்கிறீர்கள். அடையாள அட்டை மாட்டிய ஓர் ஆள், கையில் இரண்டு டீயோடு, ஐந்தாம் படுக்கை அருகே நின்று பேசிவிட்டுப் போனாராம். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அவர் உளறவில்லை, அது நான்தான். மத்தியானத்தில் அவளுக்கு டீ கொண்டுபோவது அப்போது எனக்கு வழக்கமாகியிருந்தது. டிரைவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பொத்தானைத் தூக்கிக் காட்டி, "தம்பி, யாரும் வரலையே," என்றார். விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது.

"வந்துடுவாங்க அண்ணே, படுங்க," என்றேன். அவர் தலையாட்டினார்.

நர்ஸ் அறையில் அவள் கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கும் ஒருத்தரும் கூப்பிடலை பாருங்க," என்று டீயை வாங்கிக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் ஐந்தாம் படுக்கை. ஆனால் அவள் டீயைச் சூடாகக் குடித்து வருஷக்கணக்காகிறது, முழுதாகக் குடிக்கட்டும் என்று இருந்தேன். குடித்து முடித்ததும் என்னுடையதையும் கொடுத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். மணி அடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நிறுத்தியது நான் என்றும் சொல்லுங்கள். கைராசி பொய் என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவள் மனசு தாங்காது.