சிரிப்பை அடக்கினவர்கள்

— கதவைத் திறம்மா. எவ்வளவு நேரம்தான் குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு உள்ளயே இருப்ப?

— துணி அலசுறேன் அத்தை.

— பிள்ளைத் துணியெல்லாம் கொடியில காயுது. இது யாரு துணி?

— என்னோடதுதான்.

— வெளிய வா. பிள்ளை தூங்குது, உன் புருஷனும் கடைக்குப் போயிருக்கான்... அம்மாடி, வேலையை விடப்போறேன்னு அவன்கிட்ட சொன்னியாமே? பள்ளிக்கூடத்தையே ஓடவிட்ட பி.டி. டீச்சர் நீ! பிள்ளையை நான் பாத்துக்க மாட்டேனா?

— ஐயோ, அதுக்கில்ல அத்தை.

— பின்ன எதுக்காம்?

— எப்படிச் சொல்றது... ஆயுதம் போட்டுதானே பிள்ளையை எடுத்தாங்க. தையல் ஆறிடுச்சு. ஆனா தும்முனா, இருமுனா, பிள்ளையத் தூக்குனா ஒண்ணுக்குக் கசிஞ்சிடுது. அடக்கவே முடியல. நேத்து நீங்க பேசினதுக்குச் சிரிச்சுட்டு எழுந்து ஓடினேனே, அதுக்குத்தான். பிள்ளைங்க முன்னாடி மைதானத்துல நான் எப்படிக் குதிப்பேன்?

— அட, இவ்வளவுதானா! என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்டி. வெளிய கெளம்புறப்போ தண்ணி குடிக்காத. எங்க போனாலும் கதவோரமா உக்காரு. அடர்த்தியான கலர்ல புடவை கட்டு, தெரியாது. போகப் போகப் பழகிடும்.

— உங்களுக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்?

— ஊர்ல நாலு பேர் சொல்றதுதான்.

— அத்தை... எங்க கல்யாணத்துல நீங்க மேடைக்கே வரல. கதவோரமாவே உக்காந்திருந்தீங்க. என்னைப் பிடிக்கலன்னு நெனச்சு அன்னைக்கு அழுதேன்.

— அடிப்பாவி! பிடிக்காம என்ன? அத்தனை பேரு நடுவுல, மேடையிலேருந்து எறங்கி ஓட முடியுமாடி என்னால?

— எப்போலேருந்து இப்படி?

— உன் புருஷன் பொறந்ததுலேருந்து. உன் மாமனாருக்கே தெரியாது. சுற்றுலா போலாம்னு கெஞ்சுவாரு, பஸ்ஸுல தலை சுத்தும்னு சொல்லிடுவேன். அந்த மனுஷனும் தனியாவே போயிட்டு வருவாரு.

— அழாதீங்க அத்தை.

— யாரு அழுறா? மூக்கை உறிஞ்சுறது நீ.

— இது பழகிக்கிற விஷயமே இல்ல. எங்க பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தங்களுக்கும் இருந்துச்சு. பிசியோதெரபி மேடம் ஒருத்தங்க பயிற்சி சொல்லிக் குடுத்தாங்களாம், இப்ப நல்லா இருக்காங்க. நம்பர் கூட வாங்கிட்டேன். கூப்பிடத்தான் கூச்சம்.

— ஊருக்கே பயிற்சி குடுக்குறவளுக்குக் கூச்சமா? இப்பவே கூப்பிடு.

— நீங்களும் வர்றதா இருந்தா.

— எனக்கெதுக்கு? வெள்ளம் போன பிறகு அணை கட்டவா?

— வெள்ளம்தான் இன்னும் நிக்கலையே அத்தை!

— ஐயோ, சிரிக்க வைக்காதடி... சொன்னாக் கேளு, சிரிக்க வைக்காத...

— எனக்கும் வருது! நீங்க முதல்ல ஓடுங்க!

— வந்துட்டேன். நம்பரைப் போட்டுட்டியா? பேசுடி, போன்ல மணி அடிக்குது பாரு.

— ஹலோ, பிசியோதெரபி மேடமா? பிரசவத்துக்கு அப்புறம் வர்ற பிரச்சனை மேடம், ரெண்டு பேர் வர்றோம். ஆமா, ரெண்டு பேருமே பெத்தவங்கதான். ஒரு பிள்ளைக்கு மூணு மாசம்... இன்னொரு பிள்ளைக்கு முப்பத்தி நாலு வயசு.