இரண்டு குழாய், ஒரே தகரம்

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஐந்தே நிமிடம் மிச்சம் வைத்த பெரியோர்களே! பிள்ளைகளை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் கால் கடுக்க நிற்கும் தாய்மார்களே! பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருக்கும் ஏழாம் வகுப்புச் செல்வங்களே! எல்லோருக்கும் இந்தத் தகரக்கடைக்காரியின் வணக்கம்.

கணக்கு அறையைத் திறந்துவைக்கக் கணக்குப் படிக்காதவளைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்லத்தான் வந்தேன். சொன்னால் கூசுகிறது, சொல்லாவிட்டால் சுடுகிறது.

ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், இதே பள்ளியில், இதே ஏழாம் வகுப்பில், மூன்றாம் வரிசையில் நான் இருந்தேன். புறப்பரப்பும் கன அளவும் பாடம். கணக்கு வாத்தியார் இரண்டடி நீளம், ஓரடி அகலத்தில் இரண்டு தாள் எடுத்தார். ஒன்றை நெட்டைக் குழாயாகச் சுருட்டினார். மற்றதைக் குட்டைக் குழாயாகச் சுருட்டினார். "தாள் ஒண்ணுதானே? பரப்பு ஒண்ணுதானே? அப்ப ரெண்டும் ஒரே அளவுதான் கொள்ளும்" என்றார். வகுப்பே தலையாட்டியது. நான் ஆட்டவில்லை. அப்பா தகரம் வளைக்க, மறுமுனை பிடித்த கை இது. எத்தனை குழாய் பார்த்திருக்கும்!

"இல்ல சார், குட்டைதான் நிறையக் கொள்ளும்."

"தகரம் தட்டுற வீட்டுப் பொண்ணு, எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா? போ, போய்த் தகரத்தையே தட்டு!"

வகுப்பு சிரித்தது. யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசை பிசகாமல் சொல்வேன். அதோ, தூண் ஓரம், வெள்ளைச் சட்டை... பயப்படாதீர்கள் ஐயா, பேரைச் சொல்லமாட்டேன்! கைதட்டுகிறீர்களா? அன்றைக்கும் முதல் கைதட்டு இவருடையதுதான்.

போனேன். பையைத் தூக்கிக்கொண்டு போனவள் திரும்பவே இல்லை. அப்பா கெஞ்சினார், அம்மா அடித்தாள். நான் அசையவில்லை. வாத்தியார் சொன்னபடி தகரம் தட்டினேன்.

பதினோரு வருடம் போனது. ஒருநாள் காலை பத்து மணிக்குக் கடை வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால், வாத்தியார்!

"அம்மா, நீ சொன்னதுதான் சரி. பாடத்துக்கு நான் சுருட்டி வச்ச குழாய்ல என் பொண்ணு நேத்து மணல் அள்ளிப் போட்டு விளையாடினா. நெட்டையை ரெண்டு தடவ நிரப்பிக் கொட்டினாத்தான் குட்டை நிறையுது. அன்னைக்கு நான் போட்டுப் பாக்கலம்மா. தகரத்துல அதே மாதிரி ரெண்டு பண்ணிக் குடு. நீயே வந்து பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

வேர்த்து விறுவிறுத்து வந்தவருக்கு நான் நாற்காலி போட்டேனா? ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தேனா? "தகரம் தட்டுறவளுக்குக் கணக்கு எதுக்கு சார்? கடை மூடியாச்சு" என்றேன். கையில் சுத்தியல், அடுப்பில் ஈயம், வாசலில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். கடை மூடியாச்சாம்!

அவர் திரும்பி நடந்தார். அந்த முதுகைப் பார்த்து ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் தெருவில் எதிரே வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பினேன். அவர் செத்த சேதி வந்தபோதும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

போன வாரம் அவர் மகள் கடைக்கு வந்தார். மணல் அள்ளி விளையாடிய அந்தக் குழந்தைதான், இதோ, இந்த அவையின் தலைவர், நம் தலைமையாசிரியை. கையில் இரண்டு அட்டைக் குழாய். கோணல் மாணல், ஒட்டுக்கு மேல் ஒட்டு. "அப்பா அவரே செஞ்சதும்மா. கடைசி வரைக்கும் இதை வச்சுத்தான் இந்தப் பாடம் நடத்தினார். உள்ள பாருங்க" என்றார். வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'இதைச் சொன்னவள் மூன்றாம் வரிசை. அவளைத் துரத்தியவன் நான்.'

ஒரே தகரம் ஐயா! நெட்டையாகச் சுருட்டினால் நிமிர்ந்து நிற்கும், கொள்வதோ பாதி. நான் நிமிர்ந்தே நின்றேன். மன்னிப்புக் கேட்டு வந்த மனிதர் ஒரு நிமிடம் நிற்க எனக்குள் இடமில்லை. அவர் அன்று சொன்னதை இன்றும் நான் மன்னிக்கவில்லை. பொய் சொல்ல மேடை ஏறவில்லை. ஆனால் நான் சொன்னதை எந்தக் கணக்கில் கழிப்பேன்? யாரிடம் போய்க் கேட்பேன்?

வாத்தியாரே, நீங்கள் கேட்ட குழாய் இரண்டும் இதோ. நாற்பத்தேழு வருடம் தாமதம். தலைவர் அம்மா, வாங்கிக்கொள்ளுங்கள். பற்றவைத்த இடத்தைத் தடவிப் பாருங்கள், பிசிறு இருக்காது.

ஏழாம் வகுப்பு, மூன்றாம் வரிசை, ஓரத்தில் யாரம்மா? வா மேலே. இந்தா மணல். எது அதிகம் கொள்ளும், சொல்லு.

"ரெண்டும் ஒண்ணுதான் பாட்டி" என்கிறாள்.

யாரும் சிரிக்கக் கூடாது! வெள்ளைச் சட்டை ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான். நீ அள்ளிப் போட்டுப் பாரு கண்ணு. அவசரமே இல்லை.

அவள் அள்ளட்டும், நான் இறங்குகிறேன். பொறுமையாகக் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.