மீட்டருக்கு ஒரு இஞ்சு

— “ஏனுங்கப்பா, அளந்து வெட்டுன துணி எப்படித் தானாக் குட்டையாச்சு?”ன்னு எம் பொண்ணு இந்துமதி கேட்டா. உங்க டீச்சரைப் போய்க் கேளுன்னேன். நீங்க பதில் சொன்னீங்களா?

— இல்லீங்க திருமூர்த்தியண்ணா. நீயே செஞ்சு பாத்துட்டு வா கண்ணுன்னேன்.

— பதில் சொல்றதுக்குத்தானுங்க டீச்சர்! நாலாங்கிளாஸ்ல பெஞ்சைத் தூக்கிப்போட்டு பாய் விரிச்சாச்சு. ஆளுக்கொரு அட்டை, சீட்டாட்டமாட்ட. கேட்டா செயல்வழிக் கற்றலாமா! டி.சி.யைக் குடுத்துருங்க.

— நீங்களுமாங்க? ஆபீசர் வந்தா ஒரே சத்தம்னு திட்டறாரு. பெத்தவங்க பாடமே நடத்தலைங்கறாங்க. நான் எந்தச் செவுத்துல போய் முட்டிக்கறது? இந்துமதி என்ன பண்ணுனா, சொல்லுங்க.

— ஞாயித்துக்கிழமை எங்கூட பனியன் கம்பெனிக்கு வந்தா. நான் டீ குடிக்கப் போனப்ப ஒரு துணி ரோலைப் பிரிச்சு, கட்டிங் மேசைல பரப்பி, ஒரு மீட்டருக்கு சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கறா. மறுநாக் காத்தால வந்து மறுக்கா அளந்தா.

— எவ்வளவு கொறஞ்சுதுங்க?

— ஒரு இஞ்சு.

— அட, என் தங்கம்!

— சந்தோசப்படாதீங்க. ஓனரு முன்னாடியே சொல்லிப்போட்டா. “ரோல்ல துணி இழுத்துக் கட்டுனாப்ல இருக்குதுங்க. பிரிச்சு ஒரு ராத்திரி சும்மா போட்டாத் தளந்து கொறையுது. சின்னான் மாமன் தப்பா வெட்டலீங்க.”

— சின்னான் ஆருங்க?

— பதினோரு வருசமா எங்கூட வெட்டறவன். போன மாசம் எண்ணூறு பனியன் அளவு கொறஞ்சு போச்சு. அவன் பேர்ல பழி. வேலையை உட்டு அனுப்பீட்டாங்க.

— பழி போட்டது ஆரு?

— நாந்தானுங்க. அவசர ஆர்டரு. துணியைத் தளர உட நேரமில்லை, அப்படியே வெட்டுன்னு சொன்னதும் நாந்தான். அவன் வேண்டாமுன்னுதான் சொன்னான்.

— அப்ப பாப்பா கேட்டப்பவே உங்களுக்குப் பதில் தெரியும்.

— பதினெட்டு வருசமாத் தெரியுமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவ கேட்டுட்டு மறந்திருப்பா. அவளே அளந்து பாத்துட்டா. இனி எங்க மறக்கறது!

— அதுக்காகப் பள்ளிக்கூடத்தையே மாத்தறதா? அவ பண்ணுன தப்பு என்னங்க? ஓனரு கோவிச்சுட்டாரா?

— புள்ளை வெளையாட்டுன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. நான் பேசாம இருந்திருந்தா அதோட போயிருக்கும்.

— இருந்திருந்தா…?

— இன்னிக்கு வெடியால அவரு ஊட்டுக்குத் தனியாப் போனனுங்க. பக்கத்துல ஆரும் இல்லை, உள்ளதைச் சொல்லிப்போட்டேன். நாளைக்குச் சின்னான் மறுக்கா கட்டிங் மேசைக்கு வாரான். ஏன் கூப்புட்டாங்கன்னு அவனுக்குத் தெரியாது, சொல்லிறாதீங்க.

— நீங்க?

— இனி அங்க எனக்கு வேலை இல்லீங்க. காங்கேயத்துல ஒரு எண்ணெய் மில்லுல மூட்டை தூக்க ஆள் கேட்டாங்க. ஊட்டுச் சாமானை வண்டில ஏத்தியாச்சுங்க, டீச்சர்.