மூன்றாம் அறையின் பூதம்

உங்கள் மேசைக்கு மேலே இருக்கும் குழல்விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, மேடம். ஸ்டார்ட்டர் போயிருக்கும். ஒரு ஸ்டூல் கொடுத்தால் நானே மாற்றித் தருவேன். மாலை வகுப்பில் வயரிங் படிக்கிறேன். செய்த வேலையை அன்றன்றே வரிசையாக எழுதச் சொல்வார் எங்கள் ஆசிரியர். எங்கே தப்பு நடந்தது என்று அப்போதுதான் தெரியுமாம். அந்தப் பழக்கத்தில் இதையும் வரிசையாகவே சொல்கிறேன். நடுவில் எதையாவது விட்டுவிட்டால் கேளுங்கள். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

முதலில் அக்கா செய்த விளையாட்டு. நான் பள்ளியில் படித்தபோது எனக்காகக் கணினியில் எழுதினாள். படமே இருக்காது, எல்லாம் எழுத்துதான். ‘நீ ஓர் இருட்டு அறையில் நிற்கிறாய்’ என்று திரையில் வரும். ‘விளக்கை ஏற்று’ என்று தட்டினால் வெளிச்சம். ‘வடக்கே போ’ என்றால் அடுத்த அறை. கண்டதைத் தட்டினால் ‘எனக்குப் புரியவில்லை’ என்று பதில் வரும். மூன்றாம் அறையில் ஒரு பூதம் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாள், தங்கம், மந்திரம் எதற்கும் அசையாது. ‘சாப்பிட்டியா?’ என்று மட்டும் கேட்கும். ஒரு விடுமுறை முழுக்க அதனிடம் முட்டி மோதினேன். கடைசியில் வெறுத்துப்போய், ‘நீ சாப்பிட்டியா?’ என்று தட்டினேன். பூதம் எழுந்து வழிவிட்டது. அதுவரை யாருமே அதைக் கேட்டதில்லையாம்.

“இவ்ளோதாண்டி,” என்றாள் அக்கா. “இதுக்கா லீவு பூரா மண்டையை உடைச்சுக்கிட்டே?”

பிறகு அவளுக்குக் கல்யாணமானது. அப்புறம் மூளைக்காய்ச்சல். பிழைத்தாள், ஆனால் பாதி ஆளாகத்தான் வீடு திரும்பினாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவாள். கண்ணில் படுகிறவர்களையெல்லாம், சிலிண்டர் போட வருகிறவரைக்கூட, ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பாள். பதில் சொன்னாலும் மறுபடி கேட்பாள். அந்த நாள்களில்தான் அத்தான் அவளுடைய கணினியைத் தூசு தட்டி எடுத்தார். விளையாட்டின் அறைகளை வைத்து மாயாஜால நகைச்சுவை நாவல் ஒன்று எழுதினார். அதில் வரும் வீரன் ஒவ்வொரு குகைக்குள்ளும் விளக்கை மறந்துவிட்டுப் போவான். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. இரண்டாம் பாகத்தில் பூதம் வந்தது. அதன் சட்டையில் பொத்தான்கள் மாறியிருந்தன. வாளால் குத்துகிறவனிடமும் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டது. புத்தகம் சக்கைப்போடு போட்டது.

ஒரு கூட்டத்தில் அந்தப் பகுதியை அத்தான் அக்காவின் குரலிலேயே வாசித்தார். அரங்கம் குலுங்கியது. முன்வரிசையில் அக்காவும் சிரித்தாள். திரும்பி வரும்போது டாக்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பூதம் என்னை மாதிரியே பேசுதுல்லடி?” என்று கேட்டாள்.

முன் சீட்டிலிருந்த அத்தான் டிரைவரிடம் சொன்னார்: “பரவால்லையே, இவளுக்கே புரிஞ்சிருச்சு.”

அதோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். சாப்பிட்டியா என்று யாரையும் கேட்கவில்லை. எதுவுமே பேசவில்லை. தட்டை முன்னால் வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான்தான் ஊட்டிவிட வேண்டும்.

மூன்றாம் பாக வெளியீட்டுக்குப் பதிப்பாளர் ஒரு யோசனை சொன்னார். மூடிக்கிடந்த ஒரு வங்கியின் பெட்டக அறையை வாடகைக்கு எடுப்பது. வாசகர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் விளையாடுவது. மூன்றாம் அறையைத் தாண்டினால் நிஜக் கதவே திறப்பது. வயரிங்கை அத்தான் என்னிடம் கொடுத்தார். கூலி மிச்சமாகும் என்று நினைத்திருக்கலாம். கதவுக்குக் காந்தப் பூட்டு மாட்டினேன். மின்சாரம் இருக்கும்வரை பிடியை விடாது. ஆபத்துக்கு உள்பக்கம் ஒரு பச்சைப் பொத்தான் கட்டாயம் வேண்டும் என்பது எங்கள் பாடம். அதையும் மறக்காமல் வைத்தேன்.

“ஏய் டியூப்லைட், வேலை முடிஞ்சுதா? நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிடாதே.”

“முடிஞ்சுது அத்தான். நீங்க ஒரு தடவை விளையாடிப் பாத்துட்டா நல்லது.”

“நானா? கதையை எழுதுனதே நான்தாம்மா.”

“அப்ப ஈஸியாத்தானே இருக்கும்.”

சிரித்துக்கொண்டே ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வாசகர்கள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் போட்ட விதி. உள்ளே ஒரு திரை, ஒரு விசைப்பலகை. மேலே, மேனேஜர் அறையில், எனக்கும் அதே மாதிரி ஒன்று. அக்காவின் நிரலை நான் கழற்றிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. பதில்களை நான்தான் தட்டினேன்.

இரண்டு அறைகளை மளமளவென்று தாண்டினார். மூன்றாவதில், ‘சாப்பிட்டியா?’

‘தங்கம் கொடு.’ ‘பூதத்தைக் குத்து.’ ‘மந்திரம் சொல்.’ அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பாகம் எழுதியவர் மூன்றாம் அறையைத் தாண்டியதே இல்லை. நாவலில் வீரன் கூரையைப் பிய்த்துக்கொண்டு தப்பித்தது அதனால்தான்.

‘போதும் டியூப்லைட், திற.’

எனக்குப் புரியவில்லை.

பச்சைப் பொத்தானை அழுத்தியிருப்பார். அதற்கு நான் வயர் கொடுக்கவில்லை. காற்று வரும் குழாயைத் தொடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சுவர் கெட்டி, சத்தம் வெளியே வராது. புத்தகம் வருவதற்கு முன் ஃபோனை அணைத்துவிட்டு எங்காவது போய்விடுவது அவர் வழக்கம் என்பதால் பதிப்பாளரும் தேடவில்லை. நான் வேலைக்குப் போனேன், வகுப்புக்குப் போனேன். நடுவில் வந்து, அவர் தட்டியிருந்ததைப் படித்துப் பதில் போட்டேன்.

‘சாப்பிட்டியா?’

‘இல்லை.’

எனக்குப் புரியவில்லை.

‘தண்ணி.’

எனக்குப் புரியவில்லை.

போகப் போக எழுத்துகள் உளற ஆரம்பித்தன. பிறகு ஒருநாள் காலையில் ஒரே ஒரு வரி, பிழையில்லாமல் இருந்தது: ‘நீ சாப்பிட்டியா?’

விடையைக் கண்டுபிடித்துத் தட்டினாரா, அல்லது இந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறது என்று நினைத்து நிஜமாகவே கேட்டாரா? வெகுநேரம் யோசித்தேன். கணினியாக இருந்திருந்தால் யோசிக்காமல் திறந்திருக்கும். அவர் கேட்டவுடன் எனக்குப் பசித்தது என்பது உண்மை. ‘எனக்குப் புரியவில்லை’ என்று தட்டினேன். அந்த ஒரு தடவை அது பொய்யில்லை.

அன்று மாலை அக்காவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கையைத் தடுத்து நிறுத்தினாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அவரு சாப்பிட்டாராடி?”

அப்போதுகூட அவர் உயிரோடுதான் இருந்திருப்பார், மேடம். பஸ் பிடித்தால் இருபது நிமிஷம்.

“சாப்பிட்டாருக்கா,” என்றேன். அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். பிறகு நான் அங்கே போகவில்லை.

இப்போதும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாளாம், பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள். பாருங்கள், பேச்சு வந்துவிட்டது. அவளுக்காகத்தான் செய்தேன். அதை மட்டும் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.