தம் வரைபடமே பிழையென்று சாட்சி சொன்ன அளவையாளர் ஏரம்பு இராசநாயகம் அவர்களுக்கு

கடல் சூழ்ந்த பூவரசந்தீவின் கல்லையும் கள்ளியையும் காலால் நடந்து அளந்த கண்ணியவானே! சங்கிலி பிடித்த கையாலேயே சத்தியத்தையும் இறுகப் பிடித்த சான்றோரே! எமது அலுவலகமாகிய அளவைக் கந்தோரின் தலைமை அளவையாளர், உயர்திரு ஏரம்பு இராசநாயகம் அவர்களே! முப்பத்திரண்டு ஆண்டுகள் வெயிலோடும் வேலியோடும் வழக்காடி இன்று ஓய்வு பெறும் தங்களுக்கு, தங்களிடம் ஏச்சு வாங்கியே தொழில் பழகிய நாம் ஒருங்கு கூடி வணங்கி அளிக்கும் மடல் இது.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எமக்குத் தெரியும். ஆகையால் இனிச் சொல்வதை அவையோருக்கே சொல்கிறோம். தாங்கள் கதிரையை விட்டு அசையாமல் இருந்து கேட்டருளல் வேண்டும்.

அவையோரே! ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்னும் காணிப் பதிவேட்டிலே ஒரே பெயரில் கிடந்த தீவு நிலம், முதுசமாயும் சீதனமாயும் பிள்ளைக்குப் பிள்ளை பிரிந்து, ஒரு பனையில் எட்டிலொரு பங்கென்று உறுதிப் பத்திரம் முடிக்கும் அளவுக்கு வந்தது. மலாயாவில் உழைத்தவர்கள் திரும்பி வந்து கல்வீடு கட்டினார்கள். கொழும்பில் கடை வைத்தவர்கள் தென்னை வைத்தார்கள். காணி எத்தனை கை மாறினாலும் அங்கே மதிப்பு மண்ணுக்கல்ல, நன்னீருக்கே. பத்துக் கிணறு வெட்டினால் ஒன்பது உவர்க்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்புக் கடையைத் தீக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தவர் திரு. சீவரத்தினம். மிஞ்சியதைக் கொண்டு, கணவனை இழந்த மகாதேவி அம்மையாரின் வளவுக்கு அயலில் பத்துப் பரப்புக் காணி வாங்கினார். வெங்காயம் செய்து மீண்டும் தலைநிமிர்வதே அவருடைய எண்ணம். மறு ஆண்டு அதை அளக்கப் போனவர் நம் ஐயா. சங்கிலி அரை அங்குலம் தொய்ந்தாலும் எங்கள் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை செய்கிற அந்தப் பெரியவர், தொடைப் பருமனில் முற்றித் துளிர்த்து, வேலி மரங்களாய் நின்ற கிளுவங் கதியால்களைக் கண்டார். இது ஐம்பது வருட வேலியென்று தீர்மானித்தார். அதையே எல்லையாக்கிக் கல் நட்டார். நன்னீர்க் கிணறு சீவரத்தினம் பக்கம் போயிற்று.

அது தன் கணவர் வெட்டிய கிணறு என்று அம்மையார் சொல்லிப் பார்த்தார். வேலி பொய் சொல்லாது என்று ஐயா அவர் வாயை அடைத்துவிட்டார். வேலியில் ஆள் நுழைய இருந்த பொட்டை அடைத்துச் சீவரத்தினத்தின் மதில் எழுந்தது. சீவரத்தினம் கெட்டவரல்லர், தம் வாசற் படலையால் வந்து அள்ளச் சொன்னார். சொந்தக் கிணற்றில் பிறத்தியாரைக் கேட்டு அள்ளமாட்டேன் என்று, அம்மையார் நான்கு வருடம் கோயிற்கிணற்றிலிருந்து ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், தூரம் குடம் சுமந்தார்.

எண்பத்தெட்டில், வேறொரு வழக்குக் கட்டுக்குள் அந்தக் காணியின் பழைய வரைபடம் ஒன்று ஐயாவின் கையில் அகப்பட்டது. அதில் கிணறு அம்மையாரின் பக்கம் இருந்தது. சீவரத்தினத்துக்குக் காணியை விற்றுப் போனவர், அம்மையாரின் கணவர் இறந்த கையோடு, பழைய கதியால்களையே பிடுங்கிக் கிணற்றுக்கு அப்பால் நட்டிருக்கிறார். அள்ளுவதற்குப் பொட்டு விட்டிருந்ததால் அம்மையாரும் சண்டைக்குப் போகவில்லை. கதியாலுக்கு வயது ஐம்பதுதான். அது நின்ற இடத்துக்கு வயது ஏழு!

அந்த வழக்குக் கட்டை மூடி வைத்திருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திராது. மூடி வையுங்கள், பெயர் கெட்டுவிடும் என்று புத்தி சொன்னவர்களில் இதை எழுதுபவனும் ஒருவன். வெட்கத்தோடு சொல்லுகிறேன். ஐயா குடையை எடுத்துக்கொண்டு வள்ளம் ஏறினார். முதலில் சீவரத்தினத்தின் முற்றத்தில் நின்று தம் பிழையைச் சொன்னார்.

“என்ரை கடையை எரிச்சது ஆரெண்டு எனக்குத் தெரியாது, ஐயா,” என்றாராம் சீவரத்தினம். “கிணத்தைப் பறிக்கிறது ஆரெண்டு தெரியுது.”

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே ஐயா நீதிமன்றம் ஏறித் தம் கையெழுத்திட்ட வரைபடம் பிழையென்று சாட்சி சொன்னார். காணி அளக்கப் பிழைவிட்ட சேவையர் என்று சந்தைவரை பெயர் அடிபட்டது. உறுதி எழுதும், பழகிய நொத்தாரிசுமார்கூட வேலை தராமல் விலகினார்கள். கிணறு அம்மையாருக்குத் திரும்பியது. அதைப் பதிய உறுதி எழுத உட்கார்ந்த இடத்தில் அம்மையார் நொத்தாரிசின் பேனாவை மறித்தார்.

“அவருக்கும் தண்ணி வேணுந்தானே. கிணத்திலை அரைப்பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அவருக்கு எழுதுங்கோ.”

சீவரத்தினம் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். மதிலை உடைத்து வழி விட்டார்கள். ஐயா புதிய வரைபடம் கீறினார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

ஒரு வருடம் இருவரும் ஒரு கிணற்றில் அள்ளினார்கள், அவ்வளவுதான். தொண்ணூற்றோராம் ஆண்டு போருக்கு அஞ்சித் தீவே எழுந்து ஓடிவந்தது. இன்று அந்தக் கிணற்றுக்கு எல்லையுண்டு, உறுதியுண்டு, சொந்தக்காரியும் பங்காளியும் உண்டு, அள்ளத்தான் ஆளில்லை. இருவரும் அகதி முகாமில் ஒரே குழாயடியில் வாளி வைத்துக் காத்திருக்கிறார்கள். இந்த விழாவுக்கும் ஒன்றாகவே நடந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

பெருந்தகையீர்! பிழை விடாதவரென்று தங்களைப் புகழ நாம் வரவில்லை. பிழையைக் கண்ட இடத்தில் நின்றீர்களே, அதற்காகவே நெஞ்சு விம்முகிறது. மடலின் முடிவில் பல்லாண்டு வாழ்கவென்று நாலு அடுக்குச் சொல் வைத்திருந்தோம். இன்று காலை மகாதேவி அம்மையார் கந்தோருக்கு வந்து, தன் பேரிலும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எங்கள் சொற்களை அடித்துவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே இங்கு எழுதுகிறோம்.

“ஐயாவை இப்ப சாகவேண்டாமெண்டு எழுதுங்கோ. நாங்கள் திரும்பிப் போகேக்கை அங்கை கல்லும் இராது, வேலியும் இராது. எங்கடை எல்லை எதெண்டு காட்ட அவர்தான் வேணும்.”

இவ்வண்ணம்,
தங்கள் ஏச்சுக்கு என்றும் ஏங்கும்
அளவைக் கந்தோர் ஊழியர்கள்
மருதனார்மடம், ஆவணி 1993